ரூட் கெனாலில் மருந்து ஊற்றிக் கழுவ ஏன் இவ்வளவு நேரம்? அப்பா மறுபடி போக மாட்டேன் என்கிறார்

தங்கச்சிமடம்_தம்பி:

அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரொம்ப நாளாகச் சொத்தை. விசைப்படகுத் தொழில். 61 நாள் தடைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருந்தார், அப்போது போகலாம் என்றால் கிராம்புத் தைலம் வைத்துச் சமாளித்துக்கொண்டார். கடல் திறந்த பிறகு ஒரு நாள் கரைக்கு வரும்போதே ஒரு பக்கத் தாடை வீங்கி, கஞ்சி கூட இறங்கவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லைத் திறந்ததும் சீழ் வந்தது, அந்த நாற்றம் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே அடித்தது.

என் சந்தேகம் அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி. குடைந்த நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் ஊசியில் ஏதோ மருந்தை எடுத்துப் பல்லுக்குள் பீய்ச்சுவது, காத்திருப்பது, திரும்பப் பீய்ச்சுவது. பிளீச்சிங் பவுடர் வாடை. வாயை மூடி ஒரு ரப்பர் ஷீட் வேறு மாட்டியிருந்தார்கள், அப்பாவுக்கு மூச்சு முட்டியது போல இருந்ததாம். கடைசியில் உள்ளே வெள்ளையாக ஒரு மருந்தை வைத்து அடைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

இப்போது வலி சுத்தமாக இல்லை. "வலியே போயிருச்சு, திரும்ப எதுக்குடா" என்கிறார் அப்பா. சித்தப்பா வேறு, இன்னொரு இடத்தில் அரை மணி நேரத்தில் ஒரே தடவையில் முடித்துத் தருகிறார்கள், இவர்கள் காசுக்காக இழுக்கிறார்கள் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

தொண்டி_துடுப்பு:

தம்பி, எனக்கும் இதே போல வீங்கியது. மெடிக்கலில் சொல்லி அஞ்சு நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன், வற்றிவிட்டது. இன்றைக்கு வரை அந்தப் பல் வாயில்தான் இருக்கிறது. நரம்பை எடுத்து, கேப் போட்டு, ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன்னால் யோசியுங்கள். பிளீச்சிங்கை வாயில் ஊற்றுவது எனக்கும் சரியாகப் படவில்லை.

மண்டபம்_பல்டாக்டர்:

தம்பி, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டர் சரியான வேலையைச் செய்திருக்கிறார். தயவுசெய்து அப்பாவைத் திரும்பக் கூட்டிப்போங்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "பீய்ச்சுறாங்க, காத்திருக்காங்க" என்று நீங்கள் எழுதியதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்.

நாற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த ஒரு சதை இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் சதை செத்து அழுகுகிறது, காற்று இல்லாமல் வாழக்கூடிய பாக்டீரியா அங்கே பெருகுகிறது. 1965ல் அமெரிக்காவில் ககேஹாஷியும் அவருடன் இருந்தவர்களும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கூட்டம் எலி. ஒன்று சாதாரணமாக வளர்ந்தது, இன்னொன்று கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்தது. இரண்டுக்கும் பல்லில் நரம்பு தெரிய ஓட்டை போட்டு அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்கு நரம்பு செத்துச் சீழ் கட்டியது. கிருமியில்லாத எலிகளுக்கு ஓட்டைக்குள் தீனி அடைந்து கிடந்தும் நரம்பு சாகவில்லை, அதன் மேல் புதிதாகப் பல் திசுவே வளர்ந்து மூடியது. ஓட்டை இரண்டுக்கும் ஒன்றுதான், கிருமி இருந்த இடத்தில்தான் சீழ். நாங்கள் செய்கிற வேலை எல்லாம் அந்தக் கிருமியை நோக்கித்தான்.

இப்போது குடைகிற கம்பி, அதாவது ஃபைல். வேர்க்குழாய், அதாவது அந்தச் சதை இருக்கிற ரூட் கெனால், உருண்டையான நேர்க்குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே அது தட்டையாக இருக்கும், வளையும், கிளை பிரியும், ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் மெல்லிய இடுக்கு ஓடும். ஃபைல் உருண்டையாகச் சுற்றும், இடுக்குக்குள் போகாது. 2001ல் மைக்ரோ சி.டி. என்கிற நுணுக்கமான ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில், எந்த வகை ஃபைலைப் பயன்படுத்தினாலும் குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது தொடவே இல்லை என்று தெரிந்தது. தொடாத அந்த இடத்துக்குத் திரவம்தான் போக வேண்டும். ஃபைல் வழி வெட்டித் தருகிறது, சுத்தம் செய்வது மருந்து.

அந்த மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட், நாங்கள் ஹைப்போ என்போம். வாடை பிளீச்சிங் வாடைதான், குடும்பமும் அதே குடும்பம்தான். முதல் உலகப் போரில், 1915 வாக்கில், டேக்கின் என்பவர் இதையே 0.5 சதவீதத்தில் வீரர்களின் காயத்தைக் கழுவக் கொடுத்தார். பல்லில் 0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்படுத்துகிறோம். கிருமியைக் கொல்லும் மருந்து வேறு பலவும் உண்டு, ஆனால் கொல்வதோடு செத்த சதையையும் கரைக்கிற மருந்து இதுதான். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்கிற டிரம்மின் உட்சுவரில் வழவழவென்று ஒன்று படியுமே, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாலும் அது போகாது. வேர்க்குழாய்ச் சுவரில் கிருமிகள் அப்படித்தான் படலமாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அந்தப் படலத்தைக் கரைத்து எடுக்க வேண்டும்.

காத்திருப்பது எதற்கு? ஹைப்போ அழுக்கைத் தொட்டதும் தன் சக்தியை இழந்துவிடும். குழாய்க்குள் நிற்கிற சொட்டு சில நிமிடத்தில் வெறும் உப்புத்தண்ணீர் மாதிரிதான். அதனால்தான் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றி, வேலை செய்ய நேரம் கொடுத்து, திரும்பவும் ஊற்றுகிறோம். இதில் அவசரப்பட்டால் சிகிச்சையே பாதிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் குடையும்போது வருகிற தூள் சுவரில் பூச்சு மாதிரி படிந்து, பல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஹைப்போவால் அந்தத் தூள் கரையாது. அதற்கு இ.டி.டி.ஏ. என்கிற 17 சதவீதக் கரைசலைக் கடைசியில் ஒரு நிமிடம் போல விட்டுக் கழுவிவிட்டு, திறந்த துளைகளுக்குள் மறுபடி ஹைப்போ விடுவோம்.

ஏர்வாடி_உதவியாளர்:

டாக்டர் சொன்னதோடு நான் கையால் செய்கிற விஷயத்தைச் சேர்க்கிறேன். பல் கிளினிக்கில் உதவியாளர் வேலை எனக்கு.

தம்பி, அந்த ஊசியை அடுத்த தடவை உற்றுப் பாருங்கள். மருந்து போடுகிற ஊசி போல முனையில் துளை இருக்காது. முனை மூடியிருக்கும், பக்கவாட்டில் ஒரு சின்னத் திறப்பு. மருந்து வேரின் அடிநுனியைத் துளைத்து வெளியே பாயாமல் சுவர்ப் பக்கம் பாய்வதற்காக அப்படி. ஊசியின் மேல் ஒரு குட்டி ரப்பர் வளையம் மாட்டியிருப்போம், வேரின் நீளத்தை அளந்து அதற்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக வைத்து. அந்த வளையம் பல்லைத் தொட்டால் அதற்கு மேல் இறக்கக் கூடாது. எங்கள் டாக்டர் கட்டைவிரலால் அழுத்த விடமாட்டார், ஆள்காட்டி விரலால்தான் மெதுவாக அழுத்த வேண்டும், அப்படியென்றால் வேகம் தானாகக் குறையும். ஊசியை ஒரே இடத்தில் இறுக்கி வைக்காமல் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பக்கத்திலேயே உறிஞ்சு குழாயைப் பிடித்திருப்பேன்.

பாட்டிலும் முக்கியம். ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும். நம் பக்கம் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் அது மருந்தே இல்லை. வெளிச்சம் புகாத பாட்டிலில், மூடியை இறுக்கி, திறந்த தேதி எழுதி, குளிர்ந்த இடத்தில் வைப்போம். மேலே சட்டையில் பட்டால் சாயம் போய்விடும், அதனால்தான் அப்பாவுக்குப் பிளாஸ்டிக் துணி போர்த்தி, கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டினார்கள் என்றால் அந்த இடம் ஒழுங்கான இடம்.

கீழக்கரை_லாத்தா:

தம்பி, வாப்பாவை எப்படியாவது கூட்டிப்போங்க. என் கதையைச் சொல்கிறேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்க.

நாங்கள் வளைகுடாவில் இருந்தபோது மேல் கடைவாய்ப்பல்லுக்கு ஒரே உட்காரலில் ரூட் கெனால் செய்தேன். ரப்பர் ஷீட் எதுவும் போடவில்லை, பஞ்சை அடக்கிவிட்டு வேலை பார்த்தார்கள். சீக்கிரம் முடிந்ததே என்று எனக்கும் சந்தோஷம்தான். ஊருக்கு வந்து ரொம்ப நாள் கழித்து அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு பரு. அழுத்தினால் உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ வரும், உடனே அமுங்கிவிடும், திரும்ப வரும். வலி கிடையாது. வலி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். மதுரையில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது வேரைச் சுற்றி எலும்பு அரித்திருந்தது, நாலாவது குழாய் ஒன்றை யாரும் திறக்கவே இல்லை என்றும் தெரிந்தது. பழைய அடைப்பை எடுத்தபோது வந்த நாற்றத்தை நான் மறக்க மாட்டேன். கேப்பை உடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, செலவு முதல் தடவையைவிடக் கூடுதல். மைக்ரோஸ்கோப் வைத்து ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார்கள், இப்போது பரு இல்லை.

மண்டபம்_பல்டாக்டர்:

லாத்தா எழுதியது முக்கியமான விஷயம். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் முன்பக்க வேருக்குள் இரண்டாவதாக ஒரு மெல்லிய குழாய் பெரும்பாலும் இருக்கும். தேடாமல் விட்டால் அதற்குள் ஒரு சொட்டு மருந்தும் போகாது. ஈறில் வந்த அந்தப் பரு சீழ் வெளியேறும் வாய். வடிகால் கிடைத்துவிட்டதால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாததால் வலி இல்லை. உள்ளே எலும்பு அரிப்பது நிற்காது. தம்பியின் அப்பாவுக்கும் வலி போனது பல்லைத் திறந்து சீழை வடித்ததால்தான், கிருமி எல்லாம் ஒழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

தொண்டி_துடுப்பு:

டாக்டர், தப்பாக நினைக்காதீர்கள். மாத்திரையால் பயன் இல்லை என்றால் நீங்களே ஏன் எழுதித் தருகிறீர்கள்? எனக்கு வற்றியது உண்மைதானே?

மண்டபம்_பல்டாக்டர்:

நியாயமான கேள்வி அண்ணே. மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போகிறது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, அதனால் மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. வேருக்கு வெளியே சதையிலும் எலும்பிலும் பரவிய தொற்றை மாத்திரை அடக்கும், உங்களுக்கு வற்றியது அதுதான். பல்லுக்குள் உற்பத்தி நடந்துகொண்டேதான் இருக்கும். காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தால் எழுதுவோம். அப்போதும் பல்லைத் திறந்து வடிப்பதுதான் முதல் வைத்தியம். அண்ணே, உங்கள் பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

இதைப் படிக்கிற எல்லாரும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கீழ்த்தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கினால், வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் கிளினிக்கைத் தேடாதீர்கள். ராத்திரி எந்த நேரமானாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

பாம்பன்_கரை:

எனக்கு அந்த ஹைப்போவை நினைத்தாலே பயம். என் மச்சானுக்கு ஒரு கிளினிக்கில் மருந்து பீய்ச்சும்போதே உயிர் போகிற வலி, கொஞ்ச நேரத்தில் கன்னம் உப்பி, மறுநாள் கண்ணுக்குக் கீழே வரை கறுத்துப்போனது. இது ஏன் நடக்கிறது? பேசாமல் வெறும் உப்புத்தண்ணீரில் கழுவினால் என்ன?

மண்டபம்_பல்டாக்டர்:

உங்கள் மச்சானுக்கு ஹைப்போ வேர் நுனியைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. ஊசி குழாயில் இறுகிக்கொண்ட நிலையில் அழுத்தினாலோ, நீளத்தைச் சரியாக அளக்காமல் விட்டாலோ, நுனி ஏற்கெனவே அகண்டிருந்தாலோ நடக்கும். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் திடீர் என்று கடும் வலி, உடனே வீக்கம், பல்லுக்குள்ளிருந்து ரத்தம், இவைதான் அடையாளம். உடனே நிறுத்தி, உப்புநீரால் கழுவி, முதல் நாள் ஐஸ் ஒத்தடம், அடுத்த நாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம், வலி மருந்து என்று போவோம், தினமும் பார்ப்போம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகிவிடும். அரிதாகத்தான் நடக்கிறது. மேலே உதவியாளர் எழுதினாரே, பக்கத் திறப்பு ஊசி, ரப்பர் வளையம், ஆள்காட்டி விரல் என்று, அவ்வளவும் இதைத் தடுக்கத்தான்.

உப்புத்தண்ணீர் மட்டும் போதுமா என்று 1981லேயே ஸ்வீடனில் பிஸ்ட்ரோமும் சுண்ட்க்விஸ்ட்டும் பார்த்துவிட்டார்கள். ஃபைலும் உப்புநீரும் வைத்துக் கிருமிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்க முடிந்தது, ஆனால் பல பற்களில் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது. ஹைப்போ சேர்த்தபோது நிலைமை கணிசமாக மேம்பட்டது. அதனால் பயந்து ஹைப்போவை விடுவதைவிட, கவனமாகப் பயன்படுத்துகிற இடத்துக்குப் போவதுதான் சரி.

ரப்பர் ஷீட் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். 1864லிருந்து இருக்கிற விஷயம் அது. எச்சிலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது, ஒரு பக்கம் கழுவிக்கொண்டே மறுபக்கம் எச்சில் இறங்கினால் கழுவியது வீண். ஹைப்போ தொண்டைக்குப் போகாது, குட்டி ஃபைல் கை தவறினால் மூச்சுக்குழாய்க்குள் விழாது. என் கருத்தில் ரப்பர் ஷீட் போடாமல் ரூட் கெனால் செய்யவே கூடாது. அப்பாவுக்கு மூச்சு முட்டுவது போல இருந்தால் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள், மூக்கு அடைத்திருந்தால் அதையும் சொல்லட்டும். மூக்குப் பக்கம் ஷீட்டைக் கத்தரித்துவிடலாம், கை தூக்கினால் நிறுத்துவோம். ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு ரகம் இருக்கிறது.

சாயல்குடி_மாணவன்:

டாக்டர், லேசர் வைத்து ஒரே நாளில் கிருமியைக் கொன்றுவிடலாம் என்று விளம்பரம் பார்த்தேன். உள்ளே வைக்கும் அந்த வெள்ளை மருந்து இன்னும் தேவையா?

மண்டபம்_பல்டாக்டர்:

லேசரும் ஓசோனும் ஹைப்போவுக்குத் துணையாக வரலாம், அதன் இடத்துக்கு வர முடியாது. என்னைக் கேட்டால் அதைவிட அல்ட்ராசானிக் நல்லது. மெல்லிய கம்பி திரவத்துக்குள் நின்று அதிரும், அந்த அதிர்வில் மருந்து இடுக்குகளுக்குள் ஏறும்.

வெள்ளை மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு. கடும் காரத்தன்மை, பி.எச். 12.5 அளவில். கிருமிக்கு அந்தச் சூழலில் வாழ்வது கஷ்டம், ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு வாரமாவது உள்ளே இருக்க வேண்டும். அதற்கும் அடங்காதவை உண்டு. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று ஒன்று, காரத்தையும் பட்டினியையும் தாங்கிக்கொண்டு நுண்துளைக்குள் பதுங்கும். தோற்றுப்போன ரூட் கெனால்களில் அதை அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே மருந்து வைத்துவிட்டோம் என்று கழுவுவதைக் குறைக்க முடியாது. இரண்டாம் தடவை திறக்கும்போது அந்த மருந்தை எடுத்துவிட்டு மறுபடியும் முழுதாகக் கழுவுவோம். குளோர்ஹெக்சிடின் என்கிற இன்னொரு கிருமிநாசினியை விடுகிற டாக்டர்களும் உண்டு, அதை ஹைப்போவோடு கலக்க விட்டால் பழுப்பாகப் படிந்து துளைகளை அடைக்கும், நடுவில் உப்புநீர் விட்டே ஆக வேண்டும்.

ஒரே தடவையா, இரண்டு தடவையா? ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரே தடவையில் முடித்தவர்களுக்கு அடுத்த சில நாள் வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒரே தடவையில் முடிக்கிற எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் சில பற்களுக்கு அப்படிச் செய்கிறேன். ஆனால் சீழ் வடிந்துகொண்டிருக்கிற, வீங்கிய பல்லுக்கு, அதுவும் சர்க்கரை இருக்கிறவருக்கு, குழாய் காய்ந்த பிறகு அடைப்பதுதான் நல்லது. கடைவாய்ப்பல்லில் மூன்று நாலு குழாய் இருக்கும். அரை மணி நேரத்தில் மரக்க ஊசி போட்டு, திறந்து, அளந்து, குடைந்து, கழுவி, அடைக்கிறார்கள் என்றால் கழுவுவதற்கு எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று சித்தப்பாவையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. லாத்தா எழுதியதை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்தே படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, "எலும்பையா அரிக்குது?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை படகு போகாது, அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம். நேற்றுப் படகில் முறுக்குக் கடித்தபோது அடைத்திருந்த சிமெண்ட் ஓரத்தில் பெயர்ந்துவிட்டதாம். வெள்ளி வரை உப்புத்தண்ணீர் கொப்பளித்தால் போதுமா?

ஏர்வாடி_உதவியாளர்:

போதாது தம்பி. அந்தப் பெயர்ந்த ஓரம் வழியாக எச்சில் உள்ளே இறங்கும், அன்றைக்கு அவ்வளவு நேரம் கழுவியதெல்லாம் வீணாகிவிடும். இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் பண்ணி "டெம்பரரி சிமெண்ட் பெயர்ந்துவிட்டது" என்று சொல்லுங்கள், காத்திருக்க வைக்காமல் உள்ளே கூப்பிடுவார்கள். லேசாகப் பெயர்ந்திருந்தால் மேலே மறுபடி அடைப்பார்கள், உள் மருந்து நனைந்திருந்தால் அதையும் மாற்றுவார்கள். அதுவரை அந்தப் பக்கம் எதையும் கடிக்க வேண்டாம், குச்சியோ பஞ்சோ விட்டு நோண்டவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வெறும் வயிற்றோடு வரக் கூடாது, சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டே வரச் சொல்லுங்கள். அப்புறம், வேர் அடைத்து முடித்ததும் கேப் போடாமல் விட்டுவிடாதீர்கள், மேலே விரிசல் விட்டாலும் எச்சில் இதே வழியாகத்தான் இறங்கும்.